ஆறு தாள்

எழுதிச் சம்பாதிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னபோது முதலில் வாயைத் திறந்தவர் சித்தப்பாதான். "எழுதியா? ஆபீஸ் வாசல்ல உக்காந்து மனு எழுதிக் கொடுக்கப் போறியா?" என்றார். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்தவள் கழுத்தில் அடையாள அட்டையோடு குளிர்சாதன அறையில் உட்கார்ந்தால்தான் மிதித்ததற்கு அர்த்தம் என்று எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அப்படி எட்டு மாதம் உட்கார்ந்தும் பார்த்தேன். கழிவறைக்குப் போவதென்றாலும் நோட்டில் நேரம் குறித்துவிட்டுப் போக வேண்டிய அலுவலகம் அது. ஒன்பதாம் மாதம் ஒருநாள் அந்த நோட்டிலேயே 'போய்விட்டேன்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை தன் படிப்பு என்னாவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அம்மா மட்டும் வேறொன்று கேட்டாள்.

"இந்த வேலையில நெனச்ச நேரத்துல எந்திரிச்சுப் போலாமா?"

"போலாம். எனக்கு நான்தான் மேனேஜர்."

"அப்ப அதையே செய்."

அன்று மத்தியானம் அப்பா டியூட்டிக்குப் போன பிறகு தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொன்னாள்.

எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து பதினோரு மாதம் இருந்தான். அவனை வீட்டில் பெரியவன் என்றுதான் சொல்வோம். எனக்கு இருபத்து நாலு வயது, என்னைவிட அவன் சின்னப் பிள்ளை, இருந்தாலும் அவன் பெரியவன். அவன் போன கதை எனக்குத் தெரியும், அப்பா சொல்லித் தெரியும். அம்மா அப்போது ரெடிமேட் சட்டை கம்பெனியில் காலர் வைப்பவள். ஒரு வரிசையில் நாற்பது பெண்கள். நடுவில் ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை வராது. பெரியவனுக்குக் காய்ச்சல் என்று அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் முகம் மாறியதும் அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்தார். கேட்டில் இருந்தவர் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா வரவில்லை. நாலு மணிக்குப் பெரியவன் போய்விட்டான். அம்மா ஆறு மணிக்கு, வேலை முடிந்து எப்போதும் வருவதுபோல வந்தாள்.

கேட்காரன் சீட்டைக் கொடுக்கவில்லை. இது அப்பாவின் கதை. ஒரு வாரம் கழித்து அப்பா அந்தக் கேட்டுக்கே போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கிழித்திருக்கிறார். மேனேஜரிடம் சொல்லி அந்த ஆளின் வேலையையும் போக்கியிருக்கிறார். "கொடுத்தேன்யா, கையிலதான் கொடுத்தேன்" என்று அந்த மனிதர் கத்திக்கொண்டே போனாராம். "வாயைத் தொறந்தா பொய்" என்று முடிப்பார் அப்பா. பிற்பாடு அப்பாவே ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் கேட் செக்யூரிட்டி ஆனார். யாருக்குச் செய்தி வந்தாலும், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடுவார். ஐம்பத்தாறு வயதில், நாலு மாடி. "கேட்ல நிக்கிறவன் மனுஷனா இருக்கணும்" என்பார்.

அன்று மத்தியானம் அம்மா சொன்னது வேறு கதை. சீட்டு வந்தது. சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வந்தது. 'பையனுக்கு முடியல, உடனே வரவும்' என்று எழுதியிருந்ததை அம்மா படித்தாள். அதற்கு முந்தின வாரம்தான், குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டவளை சூப்பர்வைசர் நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்து, உன் பிள்ளை மட்டும்தான் பிள்ளையா, மற்றவர்கள் பெற்றது எல்லாம் என்ன என்று கேட்டிருந்தான்.

"பயந்துட்டேன்டி. மறுபடியும் பேச்சு வாங்கணுமேன்னு பயந்துட்டேன். எப்பவும் வர்ற காய்ச்சல்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மணி அடிக்கும்வரை காலர் தைத்தாள். அன்று அவள் தைத்ததில் ஒன்றுகூடக் கோணல் என்று திரும்பி வரவில்லையாம். இதையும் சொன்னாள்.

"அந்த ஆள் வேலை போனப்பவும் நான் வாயைத் தொறக்கல. உங்கப்பாவுக்கு இது தெரியாது. உனக்குத்தான் சொல்றேன். யார்கிட்டயும் கேக்காம எந்திரிச்சுப் போற வேலைன்னா அது எந்த வேலையா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பிடித்த என்னுடைய இதே கைதான் பிறகு அதை எழுதியது.

எழுத்து வேலை தேடுவதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லோரும் முதலில் மாதிரி கேட்பார்கள். மாதிரி என்றால் இலவசம். ஒரு தலைமுடி எண்ணெய்க்கு முப்பது விதமாக விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். திருப்தி இல்லை என்றார்கள். ஆறாவது நாள் பஸ்ஸின் முதுகில் என்னுடைய பதினேழாவது வாக்கியம் எனக்கு முன்னால் போனது. ஒரு பள்ளி நிர்வாகியின் பேச்சை எழுதினேன், அவர் அதை நடுவில் நிறுத்தித் தன் கவிதையைச் சொன்னார். "எழுத்துதானே, உனக்கு ரெண்டு நிமிஷம்" என்று சொல்லாத ஆளே கிடையாது. அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் பதினாறு வருடம் படித்தேன் என்று ஒருவரிடம் சொன்னேன். அந்த வேலையும் போயிற்று. எனக்கு வாய் அதிகம், அது எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுதும்போது அம்மா பின்னால் வந்து நிற்பாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, தோளில் கையைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பாள். "எறும்பு போற மாதிரி போகுது" என்பாள். சித்தப்பா வந்து "என்ன, கலெக்டருக்கு மனு முடிஞ்சுதா?" என்று கேட்டால், "அவ வேலை செய்யறா, சத்தம் போடாதீங்க" என்று அவரை வெளியே அனுப்புவாள்.

ஒரு வருடம் இப்படிப் போன பிறகு தொகுப்பாளர் அக்கா கிடைத்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. வசதி உள்ளவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதிப் புத்தகமாக்கித் தருவது அவர் தொழில். நேராகச் சொன்னார்: "உன் பேர் எங்கயும் வராது. நீ எழுதினேன்னு நீயும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போடு, இல்லன்னா கீழ எறங்கி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போ." போட்டேன். பேர் வராவிட்டாலும் புத்தகம் வருமே என்று போட்டேன்.

புத்தகத்துக்கு உரியவர் ஒரு பீரோ கம்பெனி முதலாளி. எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் போட்டி. மூன்று பேரும் ஆளுக்கொரு மாதிரி அத்தியாயம் எழுத வேண்டும், தலைப்பு 'என் தாய்'. நாற்பது நிமிட ஒலிப்பதிவு கொடுத்தார்கள். அதில் முப்பத்தொன்பது நிமிடம் தகடு எத்தனை கனம், கைப்பிடிக்கு எந்தப் பூச்சு என்பதுதான். தாயைப் பற்றி இரண்டே வரி. "அம்மா தையல் கம்பெனிக்குப் போனாங்க. தெய்வம் மாதிரி."

இரண்டு நாள் வெள்ளைத் திரையைப் பார்த்தேன். தையல் கம்பெனி என்றால் எனக்கு ஒரே ஒரு தையல் கம்பெனிதான் தெரியும். மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் எழுதி முடித்தேன். நாற்பது பெண்கள், காலர், சூப்பர்வைசர், சீட்டு, இடுப்பு, பதினோரு மாதப் பெரியவன் எல்லாம் வந்துவிட்டது. கேட்காரர் வேலை போனதை விட்டுவிட்டேன். அது வந்தால் தாய்மேல் இருக்கும் மரியாதை போய்விடும் என்று தோன்றியது. கடைசியில் இப்படி முடித்தேன்: 'தான் எழுந்தால் நாற்பது அடுப்புகள் அணையும் என்று அறிந்த அந்தத் தாய், தன் துயரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தைத்தாள். தியாகம் என்ற சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்பட்டதில்லை.'

எழுதும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. என் அம்மாவுக்காக அழுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்துவிடும் என்றும் அப்போதே தெரிந்தது.

கிடைத்தது. இதெல்லாம் முதலாளி சொன்னாரா என்று அக்கா கேட்டார், இல்லை, நானாக நினைத்து எழுதினேன் என்றேன். முதலாளி படித்துவிட்டு அழுதாராம். "இப்படித்தான் நடந்திருக்கும்" என்றாராம். ஒரு மாதத்தில் அது 'இப்படித்தான் நடந்தது' ஆகிவிட்டது. வெளியீட்டு விழா அரங்கில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மேடையில் குரல் உடைந்து, எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், பதினோரு மாதத்தில் போய்விட்டான் என்றார். பக்கத்து நாற்காலிப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் அண்ணன் அவருக்கு அண்ணனாகிவிட்டான்.

அந்தப் புத்தகத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. சித்தப்பா ஒருநாள் மறுபடியும் மனு, கலெக்டர் என்று ஆரம்பித்தபோது, பீரோக்காரர் புத்தகமே நான் எழுதியது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்பாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி ஊரில் உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் புத்தகத்தை இலவசமாக அனுப்பியிருந்தார். அப்பாவின் கட்டடத்துக்குக் கட்டாகப் பதினைந்து வந்தது. அப்பா மேனேஜரிடம் கேட்டு ஒன்று வாங்கி, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக்கொண்டு வந்தார். எட்டாவது வரை படித்தவர். விரலை வைத்து, உதடு அசைய, ஒரு நாளைக்கு மூன்று நான்கு பக்கம். சாப்பிடும்போது எங்களுக்குச் செய்தி வாசிப்பார்: "இன்னிக்கு பீரோக்காரர் கணக்குல ஃபெயிலாயிட்டார்." "நாளைக்கு எழுதினாத்தான் பாஸ் ஆவாரா?" என்று தங்கை கேட்பாள். "அதை உங்க அக்கா எழுதிட்டா, எனக்குத்தான் இன்னும் வரல" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே பரிமாறுவாள்.

'என் தாய்' எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அப்பா ஐம்பத்தெட்டில் இருந்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படி வரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஊரில் எல்லோரையும் எதிர்த்துப் பேசுகிறவள் நான். என் அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அப்பா அறுபத்தொன்பதுக்கு வந்த அன்று காலை, அவர் குளிக்கப் போனதும், பிளேடை எடுத்து அந்த ஆறு தாளையும் தையலோடு ஒட்ட அறுத்தேன். எழுபத்து மூன்று முதல் எண்பத்து நாலு வரை. என் டிகிரி சர்டிபிகேட் இருக்கும் ஃபைலுக்குள் வைத்து மூடினேன்.

அப்பா கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேனா? பக்க எண்ணை விரல் வைத்துப் படிக்கிற மனிதர் அவர். மறுநாளே, "எழுவத்திரண்டுக்கு அப்புறம் எண்பத்தஞ்சுக்குத் தாவுதே" என்றார். அச்சகத்தில் விட்டிருப்பார்கள், அதொன்றும் பெரிய அத்தியாயம் இல்லை, மேலே படியுங்கள் என்றேன். அவர் பொருளடக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இல்லம்மா, அம்மாவைப் பத்தின பக்கம். நீ எழுதினதுல அதைப் போயா விடுறது?"

அடுத்த வார விடுமுறையில், இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறி பீரோ ஷோரூமுக்குப் போயிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. குறையுள்ள பொருளை வாங்கின இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியது; அவ்வளவுதான் அவருக்கு. எனக்குத் தெரிந்தது தொகுப்பாளர் அக்காவின் போனில்.

"உங்கப்பா கடைக்கு நடுவுல நின்னு, 'எம்பொண்ணு எழுதின புக்குல ஆறு தாள் கொறையுது சார்'னு சொல்லியிருக்கார். கஸ்டமருங்க நிக்கிறாங்க. முதலாளி சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டு வேற புக்கு கொடுத்து அனுப்பிட்டு, எனக்குப் போன் பண்ணி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். நீ எழுதினதை வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

அவர் இன்னும் பேசினார். எனக்கு ஒன்றுதான் கேட்டது: வேறு புத்தகம் கொடுத்துவிட்டார்கள். ஷோரூமிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆறு தாளுக்கு அது போதும்.

அப்பா வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா ஜன்னலோரம் மிஷினில் ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றவில்லை. புத்தகத்தின் நடுவில் விரலை வைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்தச் சீட்டு உன் கைக்கு வந்துச்சா?"

மிஷின் நின்றது. அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், எனக்குக் கோபம் பழக்கம். பஸ்ஸில் பர்ஸ் போனவர்கள் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"வந்துச்சு" என்றாள்.

"எப்ப?"

"சாப்பாட்டு மணிக்கு முன்னால."

அப்பா கதவுப் பக்கம் நகர்ந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். யாரிடமோ விசாரிப்பதுபோலச் சொன்னார்.

"அந்த ஆள் கொடுத்தேன் கொடுத்தேன்னு சொன்னானே. நான் சட்டையைக் கிழிச்சேனே."

புத்தகத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, வந்த செருப்போடு படியிறங்கிப் போனார்.

"அம்மா" என்றேன். அவள் கையை நீட்டினாள். "அறுத்து வெச்சிருப்பியே, அதைக் கொடு."

தனக்குத் தெரியாமல் எதையும் தைத்து மறைக்க முடியாது என்று என் சின்ன வயதில் சொல்வாள். ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அப்பாவைவிட மெதுவாக, ஆனால் உதடு அசையாமல். நான் நின்றுகொண்டே இருந்தேன். இருட்டும் முன் முடித்துவிட்டாள்.

"நான் பயந்துட்டேன்னுதானே உன்கிட்ட சொன்னேன். நீ தியாகம்னு எழுதியிருக்கே."

"மாத்தினாத்தான் வேலை கிடைக்கும்னு..."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"சரி" என்றாள். ஆறு தாளையும் இரண்டாக மடித்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, பாவாடையின் மீதிக் கரையைத் தைக்க ஆரம்பித்தாள். தையல் கோணாமல் ஓடியது.

அது நடந்து ஏழு மாதம். அப்பா விடுமுறை நாட்களில் அந்தக் கேட்காரரைத் தேடிப் போகிறார். குடியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தாராம்; காலி செய்து போய் இருபது வருடமாயிற்று என்று சொன்னார்களாம். எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. டியூட்டியில் யாருக்குச் சீட்டு வந்தாலும் இப்போதும் படியேறி ஓடுகிறாராம். ஆனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாராம். அவரோடு வேலை செய்பவர் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்கிறார்கள். கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை. பெரியவன் பேரை யாரும் எடுப்பதில்லை. அந்தப் பேரும் இப்போது பீரோக்காரர் வீட்டில் இருக்கிறது.

என்னோடும் அம்மா பேசுகிறாள். சாப்பிட்டியா, துணி காஞ்சுதா, கதவைச் சாத்து. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. நான் எழுதும்போது டம்ளரை வாசல் பக்கம் இருக்கும் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். திரையின் பக்கம் திரும்புவதில்லை. தங்கை போன வாரம் ஏதோ தன் காலேஜ் விஷயத்தை அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அம்மா தங்கையின் முழங்காலைத் தொட்டாள், அவ்வளவுதான், அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு இப்போது காலேஜ் ஃபீஸ் கட்டுவது நான்தான்.

நேற்று தொகுப்பாளர் அக்கா கூப்பிட்டார். கோபமெல்லாம் போய்விட்டது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். "எல்லாருக்கும் அந்த மாதிரி ஒரு அம்மா வேணுமாம். உன்கிட்ட இன்னும் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி வந்திருக்கிறது. அடுத்த அறையில் அம்மாவும் தங்கையும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். என்னவென்று காதில் விழவில்லை. நினைத்த நேரத்தில் எழுந்து போகக்கூடிய வேலைதான் இது. எழுந்து போனால் பேச்சு நின்றுவிடும்.